பொறுப்பு ஒப்படைப்பு

எஃகு அலமாரி ஒன்று. சாவி இரண்டு,
ஒன்றுதான் திறக்கும்.
கிருஷ்ணகிரி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின்
கோப்புகள் நூற்று நாற்பத்தாறு.
கழுத்தில் மாட்டும் அட்டை, என் முகத்தோடு,
அதையும் திருப்பிக் கேட்டார்கள்.
எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டாய், தில்ஷாத்.
கையெழுத்துக்குள் வராததைச் சொல்கிறேன்,
டீ ஆறுவதற்குள்.

அஞ்செட்டிக் காட்டுச் சாலையில் யானை நின்றால்
ஓட்டுநர் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்.
நீயும் காத்திரு.
சில நாள் அதற்குள் தாலி ஏறியிருக்கும்.
அதற்கென்றும் ஒரு படிவம் இருக்கிறது.

பத்திரிகை அடிக்காத கல்யாணம்
முதலில் சமையல்காரருக்குத்தான் தெரியும்.
திம்மராயன் எண்ணை எந்தக் கோப்பிலும் எழுதவில்லை,
எழுதினால் அவர் அடுப்பு அணைந்துவிடும்.
உள்ளங்கையைக் காட்டு.

கோப்பு எழுபத்தொன்று. சைத்ரா.
ஹேமாவதி நீல மையில் தொடங்கினாள், எட்டு மாதம்.
பிறகு யாரோ, வெறும் முதலெழுத்து, மூன்று வாரம்.
பிறகு ஜோஸ்பின், குண்டு குண்டாக,
ஊர்ப் பெயருக்குக்கூட அடிக்கோடு போட்டு.
பிறகு ஏழு மாதம் வெள்ளைத் தாள்.
அந்த வெள்ளைத் தாளில்தான்
அவளை முதல் முறை பெண் பார்த்துவிட்டுப் போனார்கள்.
பிறகு நான்.
"நடந்ததச் சொல்லும்மா" என்றேன்.
"முன்னாடி வந்த அக்காங்க எழுதினது இருக்குமே,
படிச்சுட்டு வாங்க" என்றாள்.
வயது பதின்மூன்று.
படித்துவிட்டுப் போனேன்.
ராகிக் கொல்லை வரப்பில் அவள் முன்னால், நான் பின்னால்.
முகம் பார்க்காமல் நடந்தால்தான் பேசுவாள்.
இதை எந்தப் பேனாவும் எழுதவில்லை. என்னுடையதும்.

நீ கேட்கவில்லை, ஆனால் வாய் வரை வந்துவிட்டது.
பதினோரு மாத ஒப்பந்தம், ஒரு நாள் இடைவெளி,
மறுபடி பதினொன்று. நான்கு முறை.
தீபாவளி மாதச் சம்பளம் பொங்கலுக்கு வந்தது.
அதுவரை தேன்கனிக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்தது
அடகுக் கடையில் இருந்த என் வளையல்.
ஒரு வீட்டு வாசலில் "எம் பொண்ணு கல்யாணத்த நிறுத்த
நீ யாருடி?" என்றார்கள்.
அதே ஆள் அடுத்த வாரம் என் தெருவுக்கு வந்து நின்றான்.
மனஉறுதி குறித்து எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது.
சாப்பாடு நன்றாக இருந்தது.
ஓசூரில், கைப்பேசி செய்கிற கம்பெனியில்,
பெண்கள் விடுதிக்கு மேற்பார்வை. இரண்டு மடங்கு.
வாசலுக்கே வண்டி வரும்.

ஒன்று விட்டுப்போனது.
அலுவலகம் சிம் தரவில்லை.
மேற்கே மலையோரப் பள்ளிகளில்
ஜியாமெட்ரி பெட்டி மூடியின் உட்பக்கம்
காம்பஸ் முனையால் பிள்ளைகள் கீறி வைத்திருப்பது
என் சொந்த எண்.

*

கைப்பேசி செய்கிற இடத்தில்
கைப்பேசிக்கு அனுமதி இல்லை.
கேட்டிலேயே ஒரு லாக்கர், காலை முதல் மாலை வரை.
நேற்று ஆறரைக்குத் திறந்தேன்.
அம்மா ஒன்று. வங்கி இரண்டு.
தெரியாத எண், பதினொன்று இருபதுக்கு;
மறுபடி பதினொன்று இருபத்திரண்டுக்கு.

கூப்பிட்டால் ஒரு பெட்டிக்கடைக்காரர்.
"யூனிஃபார்ம் போட்ட பொண்ணும்மா.
ரெண்டு தடவ போட்டுச்சு, காச வச்சுட்டுப் போயிருச்சு.
எந்தப் பக்கம்னு பாக்கல."

கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது, ஏறவில்லை.
தில்ஷாத் ஒரே மணியில் எடுத்தாள், தாழ்ந்த குரலில்.
"தெரியும்க்கா. மத்தியானம் திம்மராயன் சொன்னாரு.
பஸ்ஸுல இருக்கேன். யானை.
வெளக்க அணைச்சுட்டாங்க."

இரண்டு பேரும் பேசவில்லை.
அவள் பக்கம் யாரோ இருமினார்கள்,
மூங்கில் முறிவது கேட்டது.

"அக்கா,
உங்க கம்பெனியில இன்னொரு எடம் இருக்குமா?"

நான் வாய் திறப்பதற்குள்,
"வெளக்கப் போட்டாச்சு, வெச்சுடறேன்" என்றாள்.