கை வெச்சவன்

முதல் தடவை கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன்,
அவ்வளவுதான்.
ஒரு முறுக்குத் துண்டு, இரண்டு எறும்பு.
ஸ்பேஸ் பார் எழுந்துகொண்டது.
"மச்சான் இன்ஜினியருப்பா" என்றான் கஜபதி
தெருவுக்கே கேட்கிற மாதிரி.
நான் பி.காம். ஒரு அரியர் இன்னும் பாக்கி.

அன்றிலிருந்து
பிரிண்டர் பச்சையாக அடித்தால் நான்,
நெட் வராவிட்டால் நான்.
ஆன்டிவைரஸ் போட்டுவிட்டு வந்த வாரம்
அவர்கள் வீட்டு மிக்ஸி நின்றுபோனது.
"நீ கை வெச்சதுலருந்துதான்" என்றாள் சுலோச்சனா.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்,
ஆனாலும்.

மெக்கானிக்குக் கூலி உண்டு.
எனக்கு டீ.
கஜபதி கணக்கில் எழுதச் சொன்ன டீயை
கடைக்காரர் என் கணக்கில் எழுதியிருந்தார்.

ஆடியில் ஒரு ஞாயிறு
சிஸ்டம் எழுவதும் விழுவதுமாக இருக்கிறது என்று போன்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
டேங்கர் டேங்கராகக் கூட்ஸ் வண்டி,
நாற்பத்து மூன்று வரை எண்ணினேன்.
அப்போதே வண்டியைத் திருப்பியிருக்கலாம்.

"ஃபார்மட் பண்ணணும். உள்ள ஏதாச்சும் கீதா?"
"இன்னா கீது, பாட்டு, படம்.
அல்லாம் டி-ல கீது. நீ தூக்கு மச்சான்."
மூன்று தடவை கேட்டேன்.
மூன்றாம் தடவை அவனுக்குக் கோபமே வந்துவிட்டது.

துடைத்த சிலேட்டாகத் திரை வந்து நின்றபோது
ஈரக் கையோடு சுலோச்சனா எட்டிப் பார்த்தாள்.
"சீட்டுக் கணக்கு எங்க?"

டெஸ்க்டாப்பில் இருந்ததாம்,
நியூ ஃபோல்டர் மூன்று என்ற பெயரில்.
இருபத்திரண்டு பேர், மாசம் இரண்டாயிரம்,
பதினாலு மாசத்துக் கணக்கு.

விடிய விடிய மீட்டுப் பார்த்தேன்.
மூவாயிரம் கோப்புகள் பெயரில்லாமல் வந்தன.
மஞ்சள் நீராட்டுப் படத்தில்
பெண்ணுக்குக் கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல்.
கணக்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

காலையில் தெருவுக்குத் தெரிந்துவிட்டது.
மீன்பாடி வண்டி தேவராஜுலு
பதினாலு மாசமும் சுத்தமாகக் கட்டிவிட்டாராம்.
கேரம் கிளப் மார்ட்டின்
பதினைந்தையும் சேர்த்தே கட்டினானாம்.
நைட்டி விற்கும் பரிமளா ஒருத்திதான்
இரண்டு பாக்கி என்றாள்.
அதை யாரும் நம்பவில்லை.

அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பதினேழாவது ஆள் நான்.
நாலு தவணை பாக்கி.

கஜபதி ஒரு வார்த்தை சொல்லவில்லை.
மவுஸை மட்டும்
என் கை எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தான்.

மூன்று நாள் கழித்து
எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.
முதல் வரியில் என் பெயர்,
எதிரே எட்டாயிரம், கையெழுத்து.
ரொம்ப நேரம் பார்த்தான்.
"அஞ்சு தவணை இல்ல?"

நாலுதான்.
நாலுதானே?
அடித்துவிட்டுப் பத்தாயிரம் என்று எழுதினேன்.

செருப்பில் கால் நுழைக்கும்போது பின்னாலிருந்து குரல்:
"மச்சான், ஸ்பீக்கர்ல சவுண்டே வர்ல.
ஒரே நிமிசம் பாரேன்."

ஒயர் கழன்று தொங்குவது
வாசலிலிருந்தே தெரிந்தது.
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
"பச்ச ஓட்ட ஒண்ணு கீது பாரு,
அதுல சொருவு.
நீயே சொருவு."