தொடர்

துப்பாக்கிக்கு அனுமதி கிடைக்கவில்லை.
மூன்று அலுவலகம், இரண்டு முத்திரை,
"விளையாட்டுக்கா?" என்று ஒரு சிரிப்பு.
ஆகவே என் கையில்
இரண்டு பலகை, நடுவில் ஒரு கீல்,
ஷார்ஜாவில் தச்சன் சஜ்ஜாத் செய்து தந்தது.
அடித்தால் சத்தம் வரும். ஓடுவார்கள்.

வாரத்தில் ஆறு நாள் லிப்ட் பழுது பார்க்கிறவன்
பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மட்டும்
வடகரைக் கல்லூரிகள் தடகளக் கூட்டமைப்பின்
தொடக்க அதிகாரி.
பெயர்தான் நீளம்.
மைதானம் ராஸ் அல் கைமாவில்,
சிமெண்ட் லாரிச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே.
காலை ஏழுக்கு மூடுபனியில்
நூறு மீட்டர் தடம்
அறுபதிலேயே தீர்ந்துபோயிருந்தது.

பிரிவு நான்கு:
உறுப்புக் கல்லூரி ஆறுக்குக் குறைந்தால்
கூட்டமைப்பு கலையும்.
பிரிவு ஐந்து:
நான்கு போட்டியில் இறங்கினால்தான்
அடுத்த ஆண்டும் உறுப்பினர்.

ஐந்து பேருந்து வந்தது.
பொறியியல்காரர்கள் சொந்தக் கூடாரத்தோடு,
மருத்துவத்தார் ஐஸ் பெட்டியோடு,
திப்பாவிலிருந்து வந்தவர்கள் ஒரு மேளத்தோடு.
ஆறாவதாக ஒரு டாக்ஸி.
மருந்துக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில்
நடக்கிற வணிகவியல் கல்லூரி.
ஜூனில் மூடுகிறார்கள்.
இறங்கியது ஒருத்தி.
மீட்டரைப் பார்த்துச் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு
மேசைக்கு வந்து சொன்னாள்:
"ஜுலைஹா. குண்டு, நீளம், எண்ணூறு, தொடர்."
எழுத்தர் நிமிர்ந்தார். "தொடரா?"
"தொடர்."

குண்டு நாலே முக்கால் மீட்டர்.
எறிந்தாள் என்பதைவிட
இறக்கி வைத்தாள் என்பது பொருந்தும்.
நீளம் தாண்டலில் இரண்டு சிவப்புக் கொடி,
மூன்றாவதில் பலகைக்கு ஒரு முழம் முன்பே கிளம்பி
மணலில் உட்கார்ந்தாள்.
அளந்தோம்.
சிரித்த பையன்களுக்கும் கேட்கும்படி
அளவைச் சத்தமாகவே சொன்னோம்.
எண்ணூறில் மருத்துவக்காரி ஒருத்தியைக்
கடைசி வளைவில் முந்தினாள்.
அந்தப் பெண்ணே பிறகு தண்ணீர் கொண்டுவந்தாள்.

எங்கே பழகினாய் என்றேன்.
கீழக்கரைத் தமிழில் பதில் வந்தது:
"கார் பார்க்கிங்ல. பேஸ்மென்ட் ரெண்டு.
ராத்திரி பதினொண்ணுக்கு மேல.
வளைவுல தூண் இருக்கும், அதான்
எனக்குச் சாஞ்சு ஓட வராது."
ஒருத்தியாக எதற்கு இத்தனை பாடு?
"காலேஜ் மூடுறது மூடட்டும்.
எங்களால மத்த அஞ்சும் நின்னுச்சுன்னு
வேணாம்ல."

மஃரிப் பாங்கு முடிந்து விளக்கு எரிந்ததும்
நாலு நூறு தொடர்.
தடத்துக்கு நால்வர். ஆறாம் தடத்தில்
அவளும் குச்சியும்,
அவள் தோழிகள் நிற்கவேண்டிய மூலையில்
ஒரு பூனை.

அடித்தேன்.
முதல் நூறில் நான்காவதாக வந்தாள்.
மாற்றும் இடத்தில் எல்லோரும்
கத்தினார்கள், கை நீட்டினார்கள், குச்சி கைமாறியது.
அவள்
வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.
அடுத்த வளைவில் இடமிருந்து வலம்.
பிறகு மறுபடியும் இடம்.
மற்றவர்கள் முடித்துத் தரையில் படுத்துவிட்டார்கள்.
திப்பா மேளம் மட்டும்
அவள் கோட்டைத் தாண்டும்வரை நிற்கவில்லை.

"குழுவில் நால்வர் இல்லை. தகுதி நீக்கம்,"
நடுவர் எழுதினார்.
செயலாளர் ரொமேலா, மணிலாக்காரி,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
விதிப் புத்தகத்தை இருமுறை புரட்டினாள்.
"நீக்கவேண்டுமென்றால்
அவள் இறங்கியிருக்கவேண்டும், இல்லையா?
இறங்கினாள் என்றால் நான்கு போட்டி."
பேனாவை மூடினாள்.
"கல்லூரி ஆறு."

அடுத்த ஆண்டு அட்டவணை வந்துவிட்டது.
ஆறு பெயர்.
ஆறாவதன் முகவரியில் இப்போது பல் ஆஸ்பத்திரி.
லிப்ட் சிக்குகிறதென்று
போன வாரம் என்னைக் கூப்பிட்டார்கள்.
மூன்றாம் மாடிக்கு ஏழெட்டு முறை ஏறி இறங்கினேன்.
பேஸ்மென்ட் இரண்டுக்கு யாரும் போகச் சொல்லவில்லை,
போனேன்.
வளைவுத் தூணில், தோள் உயரத்தில்,
ஒரு கை அகலத்துக்கு
மஞ்சள் பெயிண்ட் தேய்ந்திருந்தது.

மேலே வந்து
சரியாயிற்று என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.