ரஞ்சித்துக்காக

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு
இந்தப் பக்கம் டீசல் கொஞ்சம் மலிவு.
அதனால்தான் பூவாத்தா குழுவின் வேன்
கேரளத்துக் கச்சேரிக்குப் போகும்போதெல்லாம்
எங்கள் பங்கில் வந்து நிற்கும்.
கூரைமேல் தார்ப்பாய்க்குள் ஜமாப் உருமிக்கொண்டிருப்பது போலிருக்கும்.
ஜன்னலோரம் பூவாத்தா,
கழுத்தில் மஃப்ளர், வாயில் கிராம்பு.
'எந்தூருங்க இன்னைக்கு?' என்று டிரைவரைக் கேட்பேன்.
அவன் சொல்வதுதான் எனக்கு நோட்டீஸ்.

இரண்டு வருஷம், பதினேழு கச்சேரி.
எருத்தேம்பதி, வண்டித்தாவளம்,
மீனாட்சிபுரத்தில் பாதியில் கரண்ட் போய்
செல்போன் வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம்.
தனியாகவா போகிறாய் என்று கேட்பவர்களுக்கு
ஹெல்மெட்டைக் காட்டுவேன்.
மைதானத்தில் அதைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவேன்.
நாற்காலி கமிட்டிக்காரர்களுக்கு.

நேற்று கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே
கடலை பிடுங்கிய காட்டில் மேடை.
ஷிஃப்ட் முடிய ஒன்பதரை.
என் சட்டை துவைத்துக் காயவில்லை,
ரஞ்சித்தின் சட்டையை மாட்டிக்கொண்டு,
மாற்றக்கூட நேரமில்லாமல், அப்படியே வண்டியை எடுத்தேன்.

கமிட்டிச் செயலாளர்
மலையாளத்தில் ஆரம்பித்து
தமிழில் மூச்சு வாங்கி
மறுபடி மலையாளத்தில் நன்றி சொன்னார்.
முதல் அடி விழுந்தது.
காதில் விழவில்லை. செருப்புக்குள் விழுந்தது.
உடைத்துப்போட்ட கடலைத்தொலி
தரையில் ஒரு விரக்கடை குதித்ததை
என் கண்ணால் பார்த்தேன்.
கள் வாசனையோடு ஆடிக்கொண்டிருந்தவர்கள்
என் சட்டை வாசனைக்கு விலகி இடம்விட்டார்கள்.

கோழி திருடிய கணக்கப்பிள்ளையின் பாட்டு முடிந்து
சிரிப்பு அடங்குவதற்குள் மழை.

பெரிய மழையில்லை.
ஆம்ப்ளிஃபயரை மூடும் அளவுக்கு,
பறைத்தோல் தொங்கிப்போகும் அளவுக்கு.
ஃபைபர் மேளங்கள் ஒன்றும் ஆகாமல் நின்றன.
அவற்றுக்கு என்ன தெரியும்.

மழை விட்டதும் மேடைக்குப் பின்னால்
வைக்கோலைக் கொளுத்திப்
பறைகளைக் காட்டினார்கள்.
ஒருத்தன் காய்ச்சுவான், தட்டுவான்,
தலையாட்டுவான். இன்னும் இல்லை.
திருப்பிப் பிடிப்பான், தட்டுவான்.
இன்னும் இல்லை.
ஒவ்வொரு தட்டுக்கும் சுருதி
ஒரு படி ஏறிவருவதைக் கேட்டுக்கொண்டே
கிட்டப் போய்விட்டேன் போல.
'பெட்ரோல் நாத்தத்தோட நெருப்புக்கிட்ட
வர்றியே, தள்ளி நில்லு சாமி!'
கையைப் பிடித்து இழுத்தது பூவாத்தா.

அவரிடம் சொல்ல
இரண்டு வருஷமாக ஒரு பேச்சு வைத்திருந்தேன்.
ஆட்டை விற்றுவிட்டு
வெறுங்கயிறோடு நடந்துவருகிறவளின் பாட்டை
அவர் பாடிய இரவுகளில்
நான் எந்தெந்த வழியாக வீடு போனேன் என்று.
வாயைத் திறந்தேன்.
'சாயங்காலம் டீசல் ரசீது
வாங்காமப் போயிட்டீங்க.'

சிரித்தார். கிராம்பு வாசம்.
என் சட்டையில் குத்தியிருந்த பெயரை
தீ வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டினார்.
அவ்வளவுதான். பறை ஏறிவிட்டது. கூப்பிட்டார்கள்.

மைக் இன்னும் கரகரத்தது.
'அடுத்த பாட்டு, கயித்துப் பாட்டு.
பெட்ரோல் பங்கு ரஞ்சித்துக்காக.'

கூட்டம் ரஞ்சித்தைத் தேடியது.
முன்னால் இருந்த பையன்கள்
'யாருடா அவன், எந்திரிடா' என்று விசிலடித்தார்கள்.
ஈர ஹெல்மெட்டின்மேல்
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கயிறைச் சுருட்டிச் சுருட்டிப் பாடினார்.
மணி இருந்த இடத்தில் பறைக்காரன்
அடிக்காமல் விட்டான்.
அந்த இடம் வரும்போதெல்லாம்
நானூறு பேரும் மூச்சுவிடவில்லை.

காலையில் ரஞ்சித் வந்து சட்டையைக் கேட்டான்.
துவைத்துத் தருகிறேன் என்றேன்.
புகை வாசம், நாளைக்குத் தருகிறேன் என்றேன்.
மாருதிக்காரர் ஹாரன் அடித்தார்.
'ஜீரோ பாத்துக்கோங்க' என்றேன்.