பதினோராவது படி

காலடிப்பேட்டை, மூன்றாவது சந்து.
இருசம்மாவின் மொட்டைமாடிக்கு
இரும்பு ஏணி ஒன்றுதான் வழி.
அதில் பதினோராவது படி இல்லை.

நான் புகார்ப் பிரிவு.
கழுத்தில் அட்டை, கையில் படிவம்,
வாயில் பயிற்சி கொடுத்த மூன்று வாக்கியங்கள்.

மேலே எட்டுத் தகடுகள்.
விரலை வைத்து இழுத்தேன்.
எண்ணூரில் எரித்த நிலக்கரி
இரவெல்லாம் நடந்து வந்து
வெயில் விழ வேண்டிய இடத்தில்
பாய் விரித்துப் படுத்திருக்கிறது.
சட்டத்தின் மூலைகளில் துரு,
தொட்டால் உதிர்கிறது.

"சூரியன் வந்தா போதும்னான் உங்காளு.
சூரியன் வந்துகினுதான் கீது.
கரண்டு பில்லும் வந்துகினுதான் கீது.
கூடவே இப்ப தவணை."

நாலு கிரைண்டர் ஓடும் வீடு.
சந்து முழுக்க இட்லிக்கு இவள் மாவு.

ஒப்பந்தம், பக்கம் பதினான்கு:
சுற்றுச்சூழல் காரணங்களால் நேரும் இழப்புக்கு
நிறுவனம் பொறுப்பல்ல.
எழுத்து எறும்பளவு.
விற்க வந்த அன்றும் கடல் இங்கேதான் இருந்தது.
கையெழுத்துப் போடும்போது
அலைச் சத்தம் கேட்டிருக்கும்.

ரகோத்தமன் சார் போனில்:
"காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல,
பராமரிப்பு இல்லைன்னு போட்டுட்டு வாங்க.
நாப்பது பேர் சம்பளம் இருக்கு, பாத்துக்குங்க."
அந்த நாற்பதில் ஒன்று என்னுடையது.
அவர் பொய் சொல்லவில்லை.

கொடியில் ஒரு துணி.
பிள்ளையின் பள்ளிச் சட்டையாக இருந்து
இப்போது கரி நிறம்.
தினமும் விடியலில் ஒரு குடம்,
லாரித் தண்ணீர்,
இடுப்பில் இடுக்கிக்கொண்டு
இல்லாத படியைத் தாண்டி.
ஒப்பந்தம் கேட்டது மாதம் இருமுறை.

"படி எப்பம்மா உடைஞ்சுது?"
"உங்க தகட்டைத் தூக்கினு ஏறுனப்போதான்.
பாவம் அந்தப் புள்ள, மரியலூயிஸு.
கை கூடிச்சா?"

எனக்குத் தெரியாது.
அவன் ஒப்பந்தக்காரரின் ஆள் என்று
கோப்பில் இருக்கிறது.
முதுகில் எங்கள் பெயர் அச்சடித்த நீலச் சட்டை.
எங்கள் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை.

போன மாதம் கிண்டியில் கூட்டம்.
திரையில் வட்டங்கள்:
முதலீட்டாளர், வாடிக்கையாளர், ஊழியர், சமூகம்.
எல்லாரும் நம் பங்குதாரர்கள் என்றார்கள்.
கிரைண்டர் கல்லைப் போல
வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.
மாவாவது யார் என்று படத்தில் இல்லை.

இருசம்மாவின் புருஷன் காசிமேட்டில் படகு ஏறுபவன்.
அங்கேயும் பங்கு என்றுதான் சொல்கிறார்கள்.
படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று,
ஏறினவனுக்கு ஒன்று.
வெறும் வலையோடு திரும்பின நாளில்
டீசல் கடனும் பங்குதான்.
ஒருத்தன் தலையில் மட்டும் அதைக் கட்டினால்
மறுநாள் அந்தப் படகில் யாரும் ஏற மாட்டார்கள்.

கட்டம் சின்னது.
'கடல்' என்று எழுதி அடித்தேன்.
'சாம்பல்', அதையும்.
அடித்தது போக மிஞ்சிய இடத்தில்
நெருக்கி எழுதினேன்:
தெரிந்தே விற்றோம்.
பக்கத்தில், கேட்காத ஒரு வரி:
ஏணிப் படி ஒன்று, மருத்துவச் செலவு ஒன்று, பாக்கி.

கையெழுத்துப் போட்ட பிறகுதான்
கை நடுங்கியது.
போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.
முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்.

இறங்கும்போது கால் காற்றைத் துழாவியது.
கீழே இருசம்மா
இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு,
"ஒண்ணு வுட்டு வைம்மா,
ஒண்ணு வுட்டு."