நூற்றுக்கு நாலு

பிறை கோல்டு ஸ்டோரில் மைனஸ் இருபத்திரண்டு.
நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை
வெளியே வந்துவிட வேண்டும், கம்பெனி சட்டம்.
ஃபோர்க்லிஃப்டை ஓரம் கட்டினால்
ரூபல் தேநீர் ஊற்றுவான்,
என் மீசைப் பனியைக் காட்டிச் சிரிப்பான்.
அந்தப் பத்து நிமிஷத்தில்தான் போனில்
ஏரிஸைப் பற்றிப் படித்தேன்.

புளூட்டோவையும் தாண்டிய குறுங்கோள்.
அங்கே மைனஸ் இருநூற்று நாற்பது பக்கம்.
எங்கள் இறால் பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கினால்
யாரோ அடுப்பு மூட்டிவிட்டார்கள் என்று
அந்தத் தரை பதறும்.

பெயர், சண்டை மூட்டும் கிரேக்கத் தெய்வத்தினுடையது.
பொருத்தம்தான்.
அது கண்டுபிடிபட்ட மறுவருஷமே
புளூட்டோவைக் கிரகப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டார்கள்.
இத்தனைக்கும் புளூட்டோவைவிட
உருவில் ஒரு பிடி சின்னது. கனம்தான் அதிகம்.

எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது அப்படி:
அப்பா விட்டுப்போன ஆயர் ஈத்தாம் ஃபிளாட்,
அறுநூற்றைம்பது சதுர அடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது.
பதினொரு வருஷமாகக் கோமளா அக்காவுக்கும் எனக்கும் பேச்சில்லை.
பட்டியலிலிருந்து யார் யாரை இறக்கினோம்
என்பதே இன்னும் தீரவில்லை.

கிரகங்கள் எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்க
ஏரிஸ் மட்டும் நாற்பத்துநாலு டிகிரி சாய்ந்து
எழுந்து போகிற மாதிரி போகிறது.
ஒரு சுற்றுக்கு ஐந்நூற்றறுபது வருஷம் பக்கம்.
நகர்வது அத்தனை மெதுவாம்,
கம்ப்யூட்டர் முதலில் கண்டுகொள்ளவில்லை.
பழைய படங்களைத் திரும்பப் பார்த்தபோதுதான்
ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது.

அது சூரியனை விட்டு மிக விலகி நின்றது எழுபத்தேழில்.
நான் பிறந்ததும் எழுபத்தேழு.
அன்றிலிருந்து அது திரும்பி வந்துகொண்டிருக்கிறது.
இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

தூரத்தில் இருக்கும்போது அதன் மூச்சே உறைந்து
அதன் மேலேயே விழுந்து கிடக்கும் என்கிறார்கள்.
அதனால் அத்தனை வெள்ளை.
விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறைத்
திருப்பி அனுப்பிவிடுமாம்.

தேநீர் ஆறிவிட்டது.
போன தீபாவளிக்கு
என் மனைவி ஒரு டின் முறுக்கு அனுப்பினாள், மகன் கையில்.
வாசலோடு திரும்பி வந்தது, மூடி இறுக்கமாக.
"அப்படியே வந்திருக்கு பாருங்க" என்றாள்.
அப்படியே இல்லை.
மூன்றோ நாலோ குறைந்திருந்தது.
மகன் தின்றிருப்பான் என்று நானே சொன்னேன்.
அவனுக்கு முறுக்கு பிடிக்காது.

ஷிஃப்ட் முடிந்து பட்டர்வொர்த் படகுத்துறையில் நிற்கிறேன்.
எதிரே கொம்தார், அதன் பின்னால் மலை,
மலையடியில் அக்கா.
பெர்ரி ஏறினால் கால் மணி நேரம்.
ஏறவில்லை. ஏறுகிற ஆள் இல்லை நான்.
கோல்டு ரூம் கதவில் பூத்திருந்த பனியை
நேற்றிரவு படம் எடுத்து வைத்திருந்தேன்.
அதை அனுப்பினேன், வார்த்தை எதுவும் இல்லாமல்.

இரண்டு டிக். நீலம்.
பிறகு ஒன்றுமில்லை.

சூரிய வெளிச்சம் ஏரிஸைத் தொடப்
பதிமூன்று மணி நேரம் ஆகிறது.
பட்டுத் திரும்பி வர இன்னொரு பதிமூன்று.
சரி.
நாளைக்கும் எனக்கு நைட் ஷிஃப்ட்தான்.