சொந்தம், நான்கு ஜிபி

புதியது வந்துவிட்டது.
கீபோர்டின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.
பழையதன் மின்விசிறி
பரோட்டாக்கடை பம்ப் ஸ்டவ்வாய் இரைகிறது.
ஆசிக் ஒரு வயரை இதிலும் அதிலும் செருகிவிட்டுக் கேட்கிறான்,
"எதெது போகணும்க்கா?"

வக்காலத்துகள், வாய்தா மனுக்கள், வரப்புத் தகராறுகள்,
ஒத்தக்கடையில் பஸ் இறங்கி
இந்தக் கடையில் பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று
தட்டி வாங்கிக்கொண்டு
ஐகோர்ட்டுக்குப் போன ஊரார் சண்டை எல்லாம்
ஒரு ஃபோல்டர். அறுபது ஜிபி.

இன்னொன்றுக்கு
'சொந்தம்' என்று பெயர் வைத்திருந்தேன்.
நான்கு ஜிபி.
அதிலும் பாதி, மகளின் காதுகுத்து வீடியோ.

பச்சைக் கோடு நகர்ந்தது.
இரண்டு நிமிடம் மீதம் என்றது.
மூன்று மணி நேரம் என்றது.
உடனே நாற்பது நொடி என்றது.
மாட்டுத்தாவணியில்
"இந்தா எடுத்தாச்சு, ஏறு ஏறு" என்று
எஞ்சினை உறுமவிட்டு
டீ குடிக்கப் போவாரே நத்தம் வண்டிக்காரர்,
அந்தக் கணக்கு.

வந்தவரைக்கும் திறந்து பார்த்தேன்.
ரேஷன் கார்டு.
சேவுகனின் பாஸ்போர்ட் போட்டோ,
ஒரு காதில் மட்டும் வெளிச்சம்.
அப்புறம்
கடிதம்
கடிதம் சரியானது
கடிதம் கடைசி
கடிதம் கடைசி 2.

திறந்தால் தமிழே இல்லை.
பழைய எழுத்துரு இதற்குத் தெரியாதாம்.
ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியுமாக
புற்றுக்குள் தண்ணீர் ஊற்றியதுபோல்
பக்கமெங்கும் ஓடிக் கிடந்தன.
எதையும் பிடிக்க முடியாமல் கண் விழித்தது.

பாலித்தீன் மேலேயே கையை வைத்தேன்.
கடைசி வரியை அப்படியே தட்டினேன்.
டி. யு. கே. ஹெச்.
எல், அரைப்புள்ளி.
பெரிய என். மறுபடி எல்.
தெற்குமாசி வீதி இன்ஸ்டிட்யூட்டில்
அட்டைக்கு அடியில் கையை மறைத்துப் பழக்கிய விரல்கள்.
டி.
சுண்டுவிரல் போய்ப் புள்ளி வைத்தபோது
முழங்கை வரைக்கும் தெரிந்துவிட்டது.

வரமாட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பது, ஐப்பசி.
கம்ப்யூட்டரை வித்துட்டுத் திருப்பூர் வா,
பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை
சொல்லி வச்சிருக்கேன் என்று
போனில் சொன்னவருக்கு எழுதியது.
முதல் கடிதத்தில் 'தயவுசெய்து' இருந்தது, மூன்று இடத்தில்.
கடைசி 2-இல் ஓரிடத்திலும் இல்லை.
அச்செடுக்கப் போனால் டோனர் தீர்ந்திருந்தது.
மறுநாள் டோனர் வந்தது,
கூடவே ஒரு ஜாமீன் மனுவும் அவசரமாக வந்தது.
அதற்கடுத்த நாள் என்ன என்பது
ஞாபகம் இல்லை.

பங்குனியில் அவரே வந்துவிட்டார்,
ஒரு சூட்கேசும்
ஒரு மூட்டை பனியன் வெட்டுத்துணியுமாக.
ஏன் வந்தார் என்று நானும் கேட்கவில்லை.
அந்தத் துணியில்தான் இன்றைக்கும்
மானிட்டர் துடைக்கிறோம்.

"என்ன பாண்டி இது, கிறுக்குன மாதிரி?"
பின்னால் டீப் பொட்டலத்தோடு நிற்கிறார்.

"வைரஸ்" என்றேன்.

"அப்ப அழிச்சிர வேண்டியதுதான?"

ஆசிக் எட்டிப் பார்த்தான்.
"வைரஸ் இல்லண்ணே, ஃபான்ட் பிரச்சனை.
ஏத்திட்டா தமிழ்ல வந்துரும்,
ரெண்டு நிமிசம்."
இவனுக்கும் இரண்டு நிமிடம்தான்.

"வேணாம், விடு.
பழைய மனு எவனாச்சும் கேட்டு வந்தா
நான் புதுசாத் தட்டிக் குடுத்துக்குவேன்."

யானைமலையில் வெயில் முதுகு வரை இறங்கியிருந்தது.
கோடு நிறைந்தது.
நாலு கடிதமும் வந்து சேர்ந்திருந்தன,
யாருக்கும் படிக்க வராத கோலத்தில்.

பழையதற்கு எண்ணூறு தருகிறேன் என்றான் ஆசிக்.
ஆயிரம் கேட்டேன். எண்ணூற்றைம்பதில் நின்றது.
டீயில் இன்றைக்கும் சர்க்கரை தூக்கல்.

பழையதை எடுத்த இடத்தில்,
மேசைக்கு அடியில்,
பெட்டியின் அளவுக்குத்
தூசி படியாத தரை.
சேவுகன் குனிந்து அதையும் துடைக்கிறார்
அந்தத் துணியால்.