கேட் திறக்கிற நேரம்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
நாற்பத்து மூன்று பெட்டி எண்ணிவிட்டேன்,
சரக்கு ரயிலுக்கு இன்னும் வால் வரவில்லை.
வண்டிக் கொக்கியில் என் பை:
பஞ்சு, கையுறை, பிபி மெஷின்,
நேற்று மறந்துபோய் இன்று எடுத்துவந்த தலையணை உறை.
பின்னால் காசிமேட்டு மீன்கூடை.
ஐஸ் உருகி என் செருப்பில் சொட்டுகிறது.
தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம், எழில் நகரில்,
கோட்டீஸ்வரனைப் புரட்டிப்போட வேண்டிய நேரம் கடந்து
பன்னிரண்டு நிமிடம்.

பெயர்தான் கோட்டீஸ்வரன்.
துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் வின்ச் ஓட்டினார்.
தொங்குகிற சுமைக்குக் கீழே
ஒரு நாயைக்கூட நிற்கவிட்டதில்லை என்பார்.
இப்போது அவரேதான் சுமை,
அவரேதான் அடியில் நிற்கிறவரும்.
ஐம்பத்தோரு கிலோ.
அத்தனையும் ஒரு வாலெலும்பில், இரண்டு குதிகாலில்.

படிக்கும்போது புத்தகத்தில் ஒரு குதிகால் இருந்தது.
ரோஜா நிறம். நடுவில் சிவப்பு வட்டம்.
விரலால் அழுத்து,
வெளுத்து மறுபடி சிவந்தால் பிழைத்தது,
வெளுக்காத சிவப்பென்றால்
உள்ளே பாதை அடைந்துகொண்டிருக்கிறது.
அப்படியே எழுதி ஐந்து மார்க் வாங்கினேன்.
எழில் நகரில் யாருக்கும் அந்தக் கால் இல்லை.
கப்பல்தட்டு வெயிலில் கறுத்த தோல்
தன் சிவப்பைக் காட்டிக்கொடுக்காது.
அதனால் புறங்கையால் வாசிக்கிறேன்.
பக்கத்துச் சதையைவிடச் சூடா, சில்லிப்பா,
சப்போட்டா மாதிரி அமுங்குகிறதா,
காயாக விறைக்கிறதா.
பல நாள் சரியாக வாசிப்பேன்.
சில நாள் தெரியாது.

போன வாரம் மருமகள் செவ்வந்தி,
"காலு ஐஸு மாதிரி கிடக்குதுக்கா" என்று
பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி
பாதத்துக்கு அண்டக் கொடுத்திருந்தாள்.
பிடுங்கினேன். கத்தினேன்.
வயதான தோல் சுட்டதை உடனே சொல்லாது,
அது சொல்லி முடிப்பதற்குள் கொப்புளம் வந்துவிடும்,
இரத்தம் மெதுவாக வருகிற இடத்தில்
புண் மட்டும் அவசரமாக வரும் என்றெல்லாம்.
கத்தி முடித்த பிறகுதான் பார்த்தேன்,
அவள் மணிக்கட்டில் வெந்நீர் தெறித்த தழும்பு,
இன்னும் ஈரமாக.
அவள் அதை முந்தானையால் மூடிக்கொண்டாள்.
மறுநாள் அவள் கணவனின் காட்டன் சாக்ஸில்
எலாஸ்டிக்கை வெட்டி எடுத்து மாட்டிவிட்டோம்.
இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கேட் தூக்குகிறது.
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாய்கிறது:
ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி, சைக்கிள், நான்.

உள்ளே மின்சாரம் இல்லை,
காற்று மெத்தையின் மோட்டார் செத்துக்கிடக்கிறது.
செவ்வந்தி ஒரு முனை, நான் ஒரு முனை,
துப்பட்டியைப் பிடிக்கிறோம்.
இழுத்தால் தோல் உரியும், தூக்கத்தான் வேண்டும்.
கண்ணைத் திறக்காமலே அவர் கத்துகிறார்:
"ஹபேஸ்!"
தூக்குகிறோம்.
வலப்பக்கம் சாய்த்ததும், "ஆரியா... ஆரியா, மெல்ல."
துறைமுகத்தில் ஏற்றவும் இறக்கவும் சொன்ன சொல்லாம்.
மூன்று பேரில் அவருக்குத்தான் வேலை தெரியும்.

கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுகிறேன்.
வெள்ளை.
ஒன்று.
செவ்வந்தியின் நகத்தில் இதற்குள் வந்திருக்கும்,
விளையாட்டாக ஒருநாள் பார்த்தோம்.
இரண்டு. மூன்று.
எங்கோ ஒரு பெட்டி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.
நான்கு.
ஐந்தில், ஓரத்திலிருந்து,
வெற்றிலைக் கறை அளவுக்கு ஒரு சிவப்பு.

இடது குதிகால்தான் நேற்றைவிடச் சூடு.
நோட்டில் எழுதுகிறேன், பேனா இரண்டு முறை மக்கர்.
கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைத்து
பாதத்தைப் படுக்கைக்கு வெளியே அந்தரத்தில் விடுகிறேன்.
இடைவெளியில் கையை விட்டுத் துழாவுகிறேன்.
துணி இல்லை, மடிப்பு இல்லை.
"கீழே யாராவது நிக்கிறாங்களா?" என்கிறார்.
யாரும் இல்லை என்கிறேன்.
"பாத்துச் சொல்லு."
மறுபடி கையை விட்டுப் பார்க்கிறேன்.